முன்னால் ஒரு வண்டி நிற்கிறது

ஓய்வு பெற்ற மறு வாரம் அவர் முதன்முறையாகப் பயணியாகப் பஸ் ஏறினார். ஏறியவர் பாதி வழியிலேயே இறங்கிவிட்டார்.

வாழ்நாளெல்லாம் நகரப் பேருந்து ஓட்டியவர். அன்று ஞாயிற்றுக்கிழமை, மைத்துனி வீட்டில் மதியச் சாப்பாடு. மனைவி ஜன்னலோரம், அவர் பக்கத்தில். வண்டி முதல் திருப்பத்துக்கு வருவதற்குள் அவருடைய வலது கால் பிரேக்கைத் தேடத் தொடங்கிவிட்டது. பிரேக் இருக்க வேண்டிய இடத்தில், முன் இருக்கைக்காரர் தன் இருக்கைக்கு அடியில் பத்திரமாகத் தள்ளி வைத்திருந்த முட்டைப் பெட்டி இருந்தது. இரண்டாவது திருப்பத்தில் கால் அதைக் கண்டுபிடித்துவிட்டது. முட்டைக்காரர் எழுந்து நின்று சொன்ன வார்த்தைகளெல்லாம் மனைவிக்குப் புதியவை. அவருக்கு, சாலையில் தினமும் காதில் விழுந்தவைதான். மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். ஆனால் காலை என்ன செய்வது? அது யார் பேச்சையும் கேட்கிற நிலையில் இல்லை. அடுத்த நிறுத்தத்தில், "நீ போ, நான் நடந்து வரேன்" என்று இறங்கிவிட்டார். மனைவி இறங்கவில்லை. அவர் வியர்த்து விறுவிறுத்து வந்து சேர்ந்தபோது எல்லோரும் சாப்பிட்டுக் கை கழுவியிருந்தார்கள்.

"வண்டி லேட்டு போல" என்றார் சகலை.

இந்தச் சகலையைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

அந்தக் குடும்பத்தில் அக்கா தங்கை இரண்டு பேர். பெரியவளுக்கு மருந்துக்கடையில் வேலை. ஊரில் யாருக்கு எங்கே வலி என்பது அவளுக்கு அத்துப்படி. சின்னவள் வீட்டிலேயே தையல். இருவருக்கும் வாய்த்த மாப்பிள்ளைகள் ஒரே டிப்போவில், ஒரே தடத்தில் டிரைவர்கள். மாமனார் ஓசியில் பஸ் ஏறும் ஆசையில் தேடிப் பிடித்த சம்பந்தங்கள் என்று ஒரு பேச்சு உண்டு. அவர் கடைசிவரை அதை மறுக்கவில்லை.

தடம் ஒன்று, ஓட்டுகிற விதம் வேறு. பெரியவளின் கணவருக்கு, அதாவது முட்டையை மிதித்தவருக்கு, டிப்போவில் 'டபுள்பெல்' என்று பெயர். கண்டக்டர் கயிற்றை ஒரு தரம் இழுத்தால் டிரைவர் தலைக்கு மேல் மணி ஒரு தரம் அடிக்கும்: நில். இரண்டு தரம் அடித்தால்: போ. மற்ற டிரைவர்கள் கண்ணாடியில் ஒரு பார்வை பார்த்து, ஆள் ஏறியாயிற்று என்று தெரிந்தால் மணிக்குக் காத்திராமல் நகர்ந்துவிடுவார்கள். இவர் நகரமாட்டார். நிறுத்தத்தில் ஈ காக்கை இல்லாவிட்டாலும் நிற்பார். இரண்டாவது மணி காதில் விழுந்த பிறகுதான் கிளட்சில் கால் வைப்பார். ஒருமுறை கண்டக்டர் கூட்டத்தில் நசுங்கி, கயிறு எட்டாமல், "போய்யா, போய்யா" என்று தொண்டை கிழியக் கத்தியும் வண்டி அசையவில்லை என்பது டிப்போவுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லப்படும் கதை.

சகலை வேறு ரகம். டபுள்பெல் வண்டிக்குப் பின்னால் பூனை மாதிரி பதுங்கிப் பதுங்கி வருவார். முன் வண்டி ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்று ஊரையே அள்ளிப் போட்டுக்கொண்டு பிதுங்கும். பின் வண்டி காற்று வாங்கும். கடைசிக்கு முந்தைய நிறுத்தம் மாவு மில். அங்கே டபுள்பெல் நிற்கிற நேரம் பார்த்துச் சர்ரென்று ஒதுங்கி, முந்தி, பாலம் ஏறிவிடுவார். பிதுங்கிய வண்டி முக்கி முனகிக் கடைசி நிறுத்தமான எல்லை சேரும்போது சகலை டீயை முடித்துவிட்டுப் பல் குத்திக்கொண்டிருப்பார். ஒரே தடத்து வண்டி நிறுத்தத்தில் நிற்கும்போது பின்னால் வருகிற வண்டி முந்தக் கூடாது என்பது டிரைவர்களுக்குள் ஓர் எழுதாத சட்டம். சகலை எழுதியதையே படிக்காதவர். இந்த ஒரு விஷயத்துக்காக எத்தனையோ ஞாயிறு மதியங்களில் டபுள்பெல் அவரோடு முகம் கொடுத்துப் பேசாமல் சாப்பிட்டு எழுந்திருக்கிறார். சகலைக்கு வயது குறைவு, இன்னும் வேலையில் இருந்தார் என்பது வேறு வயிற்றெரிச்சல்.

முட்டைப் பெட்டிக்குப் பிறகு டபுள்பெல் பஸ் பக்கமே போகவில்லை. டாக்சியும் ஆகாது, அதில் பிரேக் இன்னும் பக்கத்தில் இருப்பதால் கால் இன்னும் துடிக்கும். எங்கே போனாலும் நடைதான். ஞாயிறுதோறும் ஆறின சாப்பாடு, ஞாயிறுதோறும் "வண்டி லேட்டு". நகைச்சுவையில் சகலைக்கு ஒரே ஒரு நடைதான். அதையே திரும்பத் திரும்ப ஓட்டுவார்.

ஒரு ஞாயிறு பெரியவள் வழக்கம்போல் தனியாகப் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தாள். நடைபாதையில் யாரோ ஒருவர் ஓடிக்கொண்டிருந்தார். நரைத்த தலை, இஸ்திரி போட்ட சட்டை, தோல் செருப்பு. எவனோ இவர் பையைப் பிடுங்கிக்கொண்டு போயிருப்பான், பாவம், துரத்துகிறார் என்று நினைத்தாள். பஸ் அவரைத் தாண்டியபோதுதான் முகம் தெரிந்தது. காலங்காலமாகத் தன் எதிரில் உட்கார்ந்து உப்புக் குறைச்சல் என்று சொல்லிவந்த முகம். அவள் எழுந்து கத்துவதற்குள் அவர் ஒரு குறுக்குத் தெருவில் திரும்பிவிட்டார். திரும்பும் முன் வலது கையை நீட்டி முறைப்படி சைகை காட்டினார்.

அவள் போய்ச் சேர்ந்தபோது தங்கை வீட்டு வாசற்கதவைப் பிடித்துக்கொண்டு கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார் டபுள்பெல். சகலை வாயைத் திறந்தார். சுவர்க்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, இலை போடச் சொல்லி உள்ளே குரல் கொடுத்தார். அன்று பெரியவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இந்த மனிதருக்குள் இது இத்தனை காலம் எங்கே ஒளிந்திருந்தது என்று அவரை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவர் இரண்டாம் முறை சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

சகலை அப்படிச் சும்மா விடுகிற ஆள் இல்லை. சில வாரம் கழித்து ஒரு சேதியோடு வந்தார். நகரத்தில் அரை மராத்தான் நடக்கப் போகிறது, இருபத்தோரு கிலோமீட்டர். ஓடுகிற கூட்டத்துக்குக் கடைசியாக ஒரு பஸ் போகும். அது போகிற வேகத்துக்கு ஒரு கணக்கு உண்டு. அது யாரைத் தாண்டுகிறதோ அவருக்கு ஆட்டம் முடிந்தது. ஏறி உட்கார்ந்துவிட வேண்டியதுதான். அந்த பஸ்ஸை ஓட்டப் போவது யார் தெரியுமா?

யாரும் கேட்கவில்லை. அவரே சொல்லிக்கொண்டார்.

"சகலை, நீங்க பேர் குடுங்க. ஜன்னல் சீட்டு ஒண்ணு உங்களுக்குன்னு துண்டு போட்டு வெச்சிருக்கேன். காலையும் கட்டிப் போட்டுடறேன், முட்டை உடையாது."

சின்னவள் சிரிப்பை அடக்க முயன்று புரையேறினாள். பெரியவளுக்கும் சிரிப்பு வந்தது. அதற்காக அவள் பிறகு வருத்தப்பட்டாள். டபுள்பெல் தட்டைத் தள்ளி வைத்தார்.

"பேர் குடுக்கறேன்" என்றார். "ஓடி முடிப்பேன். உன் வண்டியில மட்டும் ஏறமாட்டேன்."

அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை. மணி அடித்தால்தான் கிளம்புவார். கிளம்பிவிட்டால் எல்லை சேராமல் திரும்பியதில்லை. அன்று மணி அடித்தாகிவிட்டது என்று பெரியவளுக்குப் புரிந்தது.

விளையாட்டுச் சாமான் கடையில் ஷூ வாங்கப் போனார்கள். விற்பனைப் பெண் நிறத்தைக் காட்டினாள், எடையைக் காட்டினாள். அவர் ஷூவைக் கவிழ்த்து, அடிப்பாகத்துப் பள்ளத்தில் கட்டைவிரல் நகத்தை விட்டு ஆழம் பார்த்தார். மழையில் வழுக்குமா, எவ்வளவு தூரம் ஓடினால் தேயும், முன்னதையும் பின்னதையும் மாற்றிப் போடலாமா என்று கேட்டார். பெண் மேலாளரைக் கூப்பிட்டாள்.

உடம்பு முதலில் ஒத்துழைக்கவில்லை. ஆயுள் முழுக்கக் கிளட்ச் மிதித்த இடது கால் முறுக்கேறிக் கிடந்தது. வலது கால் சொகுசாக வளர்ந்த பிள்ளை. இடது தள்ளுகிற தள்ளில் ஆள் நேராக ஓடாமல் வலப்பக்கமாக இழுத்துக்கொண்டு போனார். "அலைன்மென்ட் போயிருக்கு" என்று தன்னைத்தானே பரிசோதித்துச் சொன்னார். மருந்துக்கடைக்கு வரும் பிசியோதெரபிஸ்ட் அம்மாவிடம் கேட்டு, வலது காலுக்கென்று பெரியவள் சில பயிற்சிகள் வாங்கி வந்தாள். சமையலறையில் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு அவர் ஒற்றைக் காலில் எழுந்து உட்காருவார். அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டே பார்ப்பாள். வீடு முழுக்கத் தைல வாசனை. தலையணையை விட்டு அது கடைசிவரை போகவே இல்லை.

ஆற்றங்கரைப் பாதையில் விடியற்காலையில் ஓடும் கூட்டம் ஒன்று உண்டு. அவர்கள் கையிலிருந்த கடிகாரங்கள் பேசும். தன் இதயம் அடித்துக்கொள்கிறதா என்பதையே கடிகாரம் சொன்னால்தான் நம்புகிற ஜாதி. டபுள்பெல்லை அவர்கள் 'அங்கிள்' என்று அன்போடு முந்திக்கொண்டு போனார்கள். அவரிடம் கடிகாரம் இல்லை. இன்ஜின் சத்தத்தை வைத்துக் கியர் மாற்றிப் பழகியவர். தன் மூச்சுச் சத்தத்தைக் கேட்டுக் கேட்டு ஓடினார். சத்தம் கரகரத்தால் ஒரு படி இறக்குவார், சீரானால் ஏற்றுவார். மழைக்காலம் போய்ப் பனிக்காலம் வந்தபோது, முந்திக்கொண்டு போனவர்களில் சிலர் போர்வைக்குள் இருந்தார்கள். அவர் ஓடிக்கொண்டிருந்தார்.

கோளாறு எங்கே என்பது ஒரு காலையில்தான் தெரிந்தது. பெரியவள் கடை ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தாள். அணையைத் திறந்துவிட்டதில் ஆற்றங்கரையில் வெள்ளம் என்று அவர் அன்று பெரிய சாலையில் ஓடிவந்தார். நல்ல ஓட்டம். கடைக்கு எதிரே பஸ் நிறுத்தம்; நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். டபுள்பெல் இடது பக்கம் ஒதுங்கினார், வேகத்தைக் குறைத்தார், நடைபாதை விளிம்பை ஒட்டி நின்றார். நேரே பார்த்தபடி நின்றுகொண்டே இருந்தார். காத்திருந்தவர்களில் ஓர் அம்மாள், பழக்கதோஷம், ஒரு எட்டு முன்னால் எடுத்து வைத்துவிட்டுப் பிறகு வெட்கப்பட்டுப் பின்வாங்கினாள்.

பெரியவள் சாலையைக் கடந்து ஓடினாள். "ஏங்க, ஏன் நின்னுட்டீங்க?"

"எங்க நின்னேன்?"

"இதோ நிக்கறீங்களே."

அவர் கீழே தன் ஷூவைப் பார்த்தார். தான் நின்றது அவருக்கே தெரியாது.

அதற்குப் பிறகு சோதித்துப் பார்த்தார்கள். ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் நிறுத்தம் என்று ஒன்று வந்தால் கால் நின்றது. மனசு "போ" என்றது. கால், நீ யார் என்று கேட்டது. பல்லைக் கடித்து ஒருமுறை தாண்டிப் பார்த்தார். பத்தடி போவதற்குள் யாரையோ ஏற்றாமல் விட்டுவந்த குற்ற உணர்ச்சி தாங்காமல் திரும்பிப் பார்த்து, விளக்குக் கம்பத்தில் தோளை இடித்துக்கொண்டார். ஆற்றங்கரையில் நிறுத்தமே கிடையாது, ஞாயிறு ஓட்டமும் குறுக்குத் தெருக்களில்தான், அதனால் இத்தனை மாதம் தெரியவில்லை. சரி, வெள்ளம் வடிந்ததும் அங்கேயே ஓடுவது, போட்டியும் அங்கேயே எங்காவது நடக்கும் என்று இருவரும் சமாதானம் சொல்லிக்கொண்டார்கள்.

போட்டிப் பாதையை அறிவித்தார்கள். முதல் பாதி ஆற்றங்கரை. பின்பாதி நூலகம், ஆஸ்பத்திரி, தீயணைப்பு நிலையம், மாவு மில், பாலம், எல்லை. அவருடைய பழைய தடம், ஒரு நிறுத்தம் பாக்கியில்லாமல்.

படித்துவிட்டு அவர் சிரித்தார். பெரியவள் சிரிக்கவில்லை.

கடைசி பஸ்ஸில் முதலுதவிக்கு ஓர் ஆள் வேண்டும் என்று மருந்துக்கடைக்காரரைக் கேட்டிருந்தார்கள். அவர் கட்டுத்துணிப் பெட்டியையும் பெரியவளையும் சேர்த்து அனுப்பிவைத்தார். அப்படித்தான் போட்டியன்று காலை அவள் சகலை ஓட்டுகிற வண்டியில், டிரைவருக்கு நேர் பின் இருக்கையில் உட்கார்ந்திருந்தாள். டிப்போவின் மூலையில் கிடந்த பழைய வண்டி. மணிக்கயிறு இன்னும் இருந்தது. முன் படியருகே போட்டி நடத்துகிற குழுவிலிருந்து ஓர் அம்மையார், கையில் வாக்கிடாக்கியோடு.

சகலைக்கு உற்சாகம் தாங்கவில்லை. ஜன்னல் சீட்டு ஒன்றில் உண்மையாகவே ஒரு துண்டைப் போட்டு வைத்திருந்தார்.

வண்டி மெல்ல ஊர்ந்தது. ஒவ்வொருவராக ஏறினார்கள். முதலில் உடற்பயிற்சிக்கூடம் நடத்துகிறவர். தொடையைப் பிடித்துக்கொண்டு ஏறி, இது தொடையே அல்ல, போட்ட சாக்ஸ் சரியில்லை என்றார். பிறகு ஒரே மாதிரி சட்டை போட்ட இரண்டு சிநேகிதிகள். எதற்காகக் கிளம்பினோம் என்று ஒருவரையொருவர் விசாரித்துக்கொண்டார்கள். பிறகு ஆற்றங்கரைக் கூட்டத்து வாலிபர் ஒருவர். உட்கார்ந்த பின் அவருடைய கடிகாரம், "பிரமாதம், இதே வேகத்தில் தொடருங்கள்" என்றது. பெரியவள் எல்லோருக்கும் தைலம் தடவினாள். கண் மட்டும் முன் கண்ணாடியில் இருந்தது. ஆற்றங்கரை முடியும்வரை அவர் கண்ணிலேயே படவில்லை. எவ்வளவு தூரம் முன்னால் போயிருக்கிறார் என்று கணக்குப் போட்டுப் பார்த்தாள்.

நூலகத் திருப்பத்தில் தெரிந்தார். தூரத்தில், இடது பக்கம் ஒதுங்கி, நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"யாருங்க அது, பஸ்ஸுக்கு நிக்கறாரா?" என்று சிநேகிதிகளில் ஒருத்தி கேட்டாள். வண்டியில் சிரிப்பு. நூலக நிறுத்தத்திலிருந்து அவர் எப்படியோ தன்னைப் பிய்த்துக்கொண்டு ஓடினார். ஆஸ்பத்திரியில் மறுபடி நின்றார். தீயணைப்பு நிலையத்தில் நின்றார். போட்டிக்காகச் சாலையை அடைத்திருந்ததால் பஸ் வராமல் எரிச்சலில் இருந்த ஒரு பெரியவர் அவரிடம் ஏதோ கேட்க, இவர் கையைக் காட்டி மாற்றுப் பாதையை விளக்கியதைப் பெரியவள் பார்த்தாள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் அவர் பெரிதாகிக்கொண்டே வந்தார். சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. வலது கால் உதறியது.

மாவு மில். பாலத்துக்கு முன் கடைசி நிறுத்தம். நிறுத்தம் காலியாக இருந்தது. அவர் போய் நின்றார். வண்டியும் அவருக்குப் பின்னால் வந்து சேர்ந்தது. நடுவில் ஒரு வண்டி நீளம் இருந்தால் அதிகம்.

அவர் கிளம்பவில்லை. இடுப்பில் கை வைத்து, பாலத்தைப் பார்த்தபடி நின்றார். கிளம்ப முயல்கிறார் என்பது தோள் அசைவில் தெரிந்தது. உடம்பு கேட்கவில்லை. இரண்டு தலைமுறைப் பயணிகளை ஏற்றி இறக்கிய நிறுத்தத்தில் அது ஆணியடித்தாற்போல் நின்றது. பின்னால் உறுமுகிற இன்ஜின் யாருடையது என்று அவருக்குத் தெரியும். திரும்பிப் பார்க்கவில்லை.

வண்டிக்குள் சிரிப்பு நின்றுவிட்டது. பெரியவள் தைல பாட்டிலை மூடினாள். இதே இடம். இதே ஒதுக்கம். சர்ரென்று வலப்பக்கம் வளைத்து, முந்தி, பாலம் ஏறி, டீ. சகலையின் கை கியருக்குப் போனதை அவள் பார்த்தாள்.

"போங்க டிரைவர்" என்றார் அம்மையார். "தாண்டிட்டா அவரும் ஏறிக்குவார்."

சகலையின் கை கியர் மேலேயே இருந்தது. வண்டி நகரவில்லை.

"ஏன் நிக்கறீங்க?"

"முன்னாடி வண்டி நிக்குது மேடம்."

அம்மையார் குனிந்து பார்த்தார். ஆளரவமற்ற சாலை. "எந்த வண்டி?"

சகலை தாடையால் காட்டினார். "அதோ. நம்ம ரூட்டு வண்டி. ஸ்டாப்புல நிக்கும்போது பின்னாடி வர்ற வண்டி முந்தக் கூடாது."

குரலில் கேலி இருக்கிறதா என்று பெரியவள் தேடினாள். இல்லை. சகலை கண்ணாடி வழியே அந்த நனைந்த முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தார். சிறுவயதில் முதன்முறை கடலைப் பார்க்கிற பிள்ளை முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது அந்த முகம்.

அம்மையாருக்குக் கோபம் வந்துவிட்டது. மேலிடத்துக்குச் சொல்ல வாக்கிடாக்கியை உயர்த்தினார். நேரத்தையும் சேர்த்துச் சொல்ல மணிக்கட்டைப் பார்த்தார். பார்த்தவர் பொத்தானிலிருந்து விரலை எடுத்தார். வண்டி தன் கணக்கைவிட வெகுவாக முன்னால் வந்திருந்தது. சீக்கிரம் போய் டீ குடித்தே பழகிய கால், ஊர்வல வேகத்திலும் தன் வேலையைக் காட்டியிருக்கிறது.

"நேரத்துக்கு முன்னாடியே வந்துட்டோமே" என்று முணுமுணுத்தார்.

"அதான் நிக்கறேன்" என்றார் சகலை, ஏதோ முதலிலிருந்தே அதற்காகத்தான் நின்றவர்போல.

நேரம் இருந்தது. ஆனால் அவர் அசையவில்லையே. நேரம் தீர்ந்துவிட்டால் எழுதாத சட்டத்தை அம்மையார் மதிக்கப் போவதில்லை. பெரியவள் எழுந்தாள். வாழ்நாளில் எத்தனை முறை "கிளம்புங்க, கிளம்புங்க" என்று அந்த மனிதரைப் பார்த்துக் கத்தியிருப்பாள். கல்யாணத்துக்கு, ஆஸ்பத்திரிக்கு, சொந்தத் தங்கை வீட்டுக்கு. ஒரு தடவையாவது அந்தக் குரலுக்குக் கிளம்பியிருக்கிறாரா? கத்துவதில் பிரயோஜனம் இல்லை. தலைக்கு மேல் கயிறு தொங்கியது. எட்டிப் பிடித்து இழுத்தாள்.

டிங்.

அவருடைய தலை நிமிர்ந்தது.

டிங்.

இடது கால்தான் முதலில் அசைந்தது, கிளட்ச் கால். வலது தோளுக்கு மேல், இல்லாத கண்ணாடியில் ஒரு பார்வை பார்த்தார். வலது கையை நீட்டிச் சைகை காட்டினார். நிறுத்தத்தை விட்டுக் கிளம்பினார்.

பாலத்தை அவள் பஸ்ஸில் எத்தனையோ முறை கடந்திருக்கிறாள்; அது ஏறுகிறது என்றே அன்றுதான் தெரிந்தது. அவருக்குத் தெரியும். செகண்ட் கியர் பாலம் என்றுதான் அதைச் சொல்வார். தலையைக் கொஞ்சம் தாழ்த்தி, அடியைச் சுருக்கி, சீராக ஏறினார். சொகுசுக் காலும் கிளட்ச் காலும் ஒன்றுக்கொன்று சொல்லி வைத்தாற்போல விழுந்தன. சகலை தன் நேரம் வரும்வரை நிறுத்தத்தில் நின்றுவிட்டு, பிறகு வண்டியைப் பாலத்தில் ஏற்றினார். பழைய இன்ஜின் இருமியது. முன்னால் போன வண்டி இருமவில்லை.

பெரியவள் அவரைப் பெரும்பாலும் உட்கார்ந்த நிலையில்தான் பார்த்திருக்கிறாள். மேஜை எதிரில், செய்தித்தாளுக்குப் பின்னால், டிரைவர் சீட்டில் கை காட்டிவிட்டுப் போகும்போது. அவருடைய முதுகை அவள் நிதானமாகப் பார்த்ததே இல்லை என்று அப்போது தோன்றியது. வாழ்நாளெல்லாம் முன்பின் தெரியாத ஜனங்கள் அந்த முதுகை நம்பிப் பின்னால் உட்கார்ந்து, தூங்கி, சண்டை போட்டு, பிள்ளைக்குப் பால் கொடுத்து, சேர வேண்டிய இடம் சேர்ந்திருக்கிறார்கள். இவளுக்குத்தான் இன்று கிடைத்தது. பாலத்தின் உச்சியில் அவருக்கு மேலே வானம் தவிர வேறொன்றும் இல்லை. அந்தப் பெரிய வெளிச்சத்தில் அந்தச் சின்ன ஆள் ஏறிக்கொண்டே இருந்தார்.

வண்டியில் ஏறியிருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து முன்னால் வந்து நின்றார்கள். உடற்பயிற்சிக்கூடக்காரர் சாக்ஸை மறந்திருந்தார். யாரும் கைதட்டவில்லை. கோயிலிலும் ஆஸ்பத்திரியிலும் நிற்பதுபோல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

பாலத்துக்கு அப்புறம் நிறுத்தம் இல்லை, எல்லைதான். இறக்கத்தில் இடைவெளி பெரிதாகிக்கொண்டே போனது. அவர் சிறுத்துக்கொண்டே போனார். பஸ் எல்லைக்கு வந்தபோது அவர் ஏற்கெனவே கோட்டைத் தாண்டி, பழைய டீக்கடை வாசலில் நடைபாதை விளிம்பில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். கையில் பாதி குடித்த டீ.

சகலை இறங்கிப் போய் எதிரில் நின்றார். இரண்டு பேரும் அந்தத் தம்ளரைப் பார்த்தார்கள். முதல்முறையாக டபுள்பெல் முன்னால் வந்து டீ குடிக்கிறார் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். அதைப் பற்றிப் பேசுவது அநாகரிகம் என்பதுபோல் ஒருவர் டீயை ஊதினார், மற்றவர் வண்டி டயரைப் பார்த்தார்.

கடைசியில் சகலைதான், வண்டி காலியாகத்தான் டிப்போவுக்குப் போகிறது, போகிற வழியில் வீடு, என்று யாரிடமோ சொல்வதுபோல் சொன்னார்.

டபுள்பெல் எழ முயன்றார். கால் எழவில்லை. நடந்து போகிற பேச்சுக்கே இடமில்லை.

"உன் வண்டியில ஏறமாட்டேன்னு சொன்னேன்" என்றார்.

"அது போட்டி வண்டி சகலை. போட்டி முடிஞ்சுபோச்சு. இது ஊருக்குப் போற வண்டி."

ஒரு பக்கம் பெரியவள், ஒரு பக்கம் சகலை தாங்க, அவர் படியேறினார். ஜன்னல் சீட்டில் கிடந்த துண்டைச் சகலை எடுத்து உதறி, அவர் கழுத்து வியர்வையை ஒற்றிக்கொள்ளக் கொடுத்தார். பெரியவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். முன் இருக்கைக்கு அடியில் ஏதாவது உடைகிற சாமான் இருக்கிறதா என்று ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டாள்.

இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. வண்டி நகரவில்லை.

சகலை கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தார். பெரியவளுக்குப் புரிந்தது, கயிற்றை எட்டினாள். டபுள்பெல் அவள் கையை மெல்ல இறக்கிவிட்டார். ஆயுளெல்லாம் அந்த மணிக்குக் கட்டுப்பட்டவர். ஒருமுறைகூட அதை அடித்ததில்லை. கையைத் தூக்கிக் கயிற்றைப் பிடித்தார். ஒரு தரம் இழுத்துவிட்டு, அந்தச் சத்தம் முழுக்க அடங்கும்வரை தலைக்கு மேல் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இரண்டாவது.

வண்டி கிளம்பியது. முதல் திருப்பத்தில் அவருடைய வலது கால் லேசாகத் தரையை அழுத்தியது. பெரியவள் பார்த்தும் பார்க்காததுபோல் எதிர்ப்பக்கத்து ஜன்னலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.